அத்தியாயம் 6: எம்.ஆர்.பி. என்கிற ஒட்டுச்சீட்டு

என் சித்தப்பா மகனுக்குப் பேளூர் போகும் வழியில் பாக்குத் தோப்பு. பாக்குக்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருடம், புதுவீடு கட்டி முடித்த கையோடு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என் ஆபீசுக்கு வந்தான். ஹாலில் வைக்க ஒரு ஜோடி ஸ்பீக்கர் பார்த்திருக்கிறான். இங்கிலாந்துப் பெயர், சீனாவில் தயாரிப்பு. ஒரே மாடல், ஒரே நிறம். நோட்டில் ஐந்து விலை எழுதியிருந்தான். பெட்டி மேல் ஒட்டியிருக்கும் எம்.ஆர்.பி. 1,35,000. சேலத்துக் கடையில் கேட்டது 1,12,000. ஆன்லைனில் 1,06,990. சென்னை ரிச்சி தெருவில், பில் வேண்டாம் என்றால் 88,000. சிங்கப்பூர் மச்சான் நம் பணத்தில் கணக்குப் போட்டுச் சொன்னது 79,000.

“அண்ணா, இதுல எதுங்ணா நெச விலை?”

வாழப்பாடியில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. செல்போன் கடை, உரக்கடை, மைக் செட்காரர், கொஞ்ச காலம் சேலத்து ஆடியோ கடை ஒன்று. பாட்டு கேட்கிற பைத்தியமும் உண்டு என்பதால், இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். அவனிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான்: “பாக்கு தோப்புல என்ன விலை, மண்டியில என்ன விலை, பொட்டிக்கடையில பொட்டலம் என்ன விலை? அதுல எது நெசம்?” சிரித்தான். தோப்புக்காரனுக்கு இது சட்டென்று விளங்கும். காய் ஒன்றுதான், பறிகூலி, தோல் உரிக்கிற கூலி, வேகவைக்கிற விறகு, காயவைக்கிற களம், காத்திருக்கிற வியாபாரியின் வட்டி என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டு போகும். ஸ்பீக்கர் பெட்டியும் அப்படித்தான் ஏறுகிறது. யார் எங்கே எவ்வளவு ஏற்றினார் என்று வாங்குகிறவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல்.

ஒட்டுச்சீட்டில் இருப்பது

முதலில் எம்.ஆர்.பி.யை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 2009 சட்டமுறை எடையளவுச் சட்டமும், பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகளும் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்சச் சில்லறை விலையைப் பெட்டியில் போடச் சொல்கின்றன. அதற்கு மேல் விற்றால் குற்றம். கீழே எவ்வளவுக்கு விற்றாலும் தடையில்லை. ஆகவே அது ஒரு கூரை. அந்தக் கூரையை எவ்வளவு உயரத்தில் போடுவது என்பது இறக்குமதியாளர் இஷ்டம். உயரத்தில் போட்டால் கடைக்காரருக்கு “17 பர்சென்ட் ஆஃப்” என்று சொல்ல வசதி. தள்ளுபடியை எம்.ஆர்.பி.யிலிருந்து கணக்குப் போடுகிறவன் ஏமாறுகிறான். கடைகள் உண்மையில் விற்கிற விலையை நாலு இடத்தில் கேட்டு, அதிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

ஆனால் ஒட்டுச்சீட்டையே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விலையைவிட முக்கியமான இரண்டு விஷயம் அதில் இருக்கிறது: இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருடமும். முதலாவது இல்லாவிட்டால் அந்தப் பெட்டி நேர்வழியில் வரவில்லை. இரண்டாவதை வைத்து அந்தச் சரக்கு எத்தனை மாதப் பழசு என்று தெரிந்துகொள்ளலாம். 20 மாதப் பழைய தேதி இருந்தால், பேரம் பேசும்போது உங்கள் கை மேலே.

படி ஏறும் கணக்கு

இனி அந்த ஜோடியைக் கப்பலிலிருந்து இறக்குவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், சுங்க விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், பிராண்டுக்குப் பிராண்டு கழிவும் மாறும். கணக்கின் நடை மாறாது.

துறைமுகத்தில் இறங்கும்போது விலை, காப்பீடு, கப்பல் கூலி எல்லாம் சேர்த்து 40,000 என்று வையுங்கள். அடிப்படைச் சுங்கம் 20 சதவீதம் என்றால் 8,000. அந்தச் சுங்கத்தின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 800. கிளியரிங், லாரி, கோடவுன் என்று 1,200. ஆக 50,000. இதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் கட்ட வேண்டும். ஆனால் அது இறக்குமதியாளருக்குச் செலவு இல்லை. உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வார். கடைசியாக அதைச் சுமப்பது நீங்கள்.

இறக்குமதியாளர் தன் விற்பனை விலையில் 25 சதவீதம் வைத்தால் டீலருக்குப் போகும் விலை 66,667. டீலர் தன் விற்பனை விலையில் 30 சதவீதம் வைத்தால் 95,238. அதன் மேல் ஜி.எஸ்.டி. 17,143. மொத்தம் 1,12,381. சேலத்துக் கடைக்காரர் சில்லறையை விட்டுவிட்டு 1,12,000 என்று சொல்லியிருக்கிறார்.

இங்கே ஒரு வார்த்தைச் சிக்கலைத் தீர்த்துவிட்டுப் போகலாம். நம் ஊர்ப் பேச்சில் “நூத்துக்கு முப்பது லாபம்” என்றால் 100 ரூபாய்க்கு வாங்கி 130க்கு விற்பது. டீலர்கள் மார்ஜின் என்று சொல்வது அதுவல்ல. 100 ரூபாய்க்கு விற்றதில் 30 ரூபாய் தனக்கு, கொள்முதல் 70. வாங்கின விலையில் கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 43 சதவீதம். மேலை நாடுகளில் உயர்ரக ஆடியோ டீலருக்கு விற்பனை விலையில் 40 சதவீதத்தை ஒட்டி விட்டுவைப்பது நீண்ட காலப் பழக்கம். நம் முறையில் சொன்னால் 60க்கு வாங்கி 100க்கு விற்பது, அதாவது வாங்கின விலைக்கு மேல் 67 சதவீதம். இந்த எண்ணைக் கேட்டவுடன் நம் ஆட்களுக்கு வயிறு எரியும். எரிவதற்கு முன் அடுத்த கணக்கையும் பாருங்கள்.

நீங்கள் “ஒரு பத்து பர்சென்ட் குறைங்க” என்று சாதாரணமாகக் கேட்கிறீர்கள். அவர் வரி போக 95,238 வாங்க வேண்டிய இடத்தில் 85,714 வாங்குவார். கொள்முதல் 66,667 அப்படியே நிற்கிறது. 28,571 ஆக இருந்த அவர் பங்கு 19,047 ஆகிவிட்டது. பத்து சதவீதம் குறைத்ததில் அவருக்குப் போனது மூன்றில் ஒரு பங்கு. பதினைந்து கேட்டால் சரிபாதி போய்விடும். கடைக்காரர் முகம் அந்த நேரத்தில் சுருங்குவது நடிப்பு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அவர்கள் கணக்கை எழுத ஆரம்பித்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

முடங்கிக் கிடக்கும் முதல்

தலைவாசல் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலை வாங்கின தக்காளியைப் பொழுது சாய்வதற்குள் தள்ளிவிட வேண்டும். அங்கே கிலோவுக்கு ஒரு ரூபாய் நின்றால் போதும். மறுநாள் அதே முதல் மறுபடி சுற்றும். ஸ்பீக்கர் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு கடைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் சரக்கில் போட்ட முதல் 10 லட்சம். செல்போன் கடையில் மார்ஜின் 4 சதவீதம்தான், ஆனால் முதல் வருடத்துக்கு 24 தடவை சுற்றுகிறது என்று வையுங்கள். இரண்டரைக் கோடி விற்றிருப்பார். மொத்த லாபம் 10 லட்சம். ஆடியோ கடையில் மார்ஜின் 30 சதவீதம், சுற்று இரண்டு. விற்றது 28,57,000, மொத்த லாபம் 8,57,000. நூற்றுக்கு நான்கு வைப்பவர், நூற்றுக்கு முப்பது வைப்பவரைவிட அதிகம் சம்பாதிக்கிறார். முடங்கிய 10 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி என்றால் ஆடியோ கடைக்காரருக்கு அதிலேயே 1,20,000 போகிறது. அப்புறம் வாடகை, ஏ.சி., விஷயம் தெரிந்த ஒரு பையனுக்குச் சம்பளம். டெமோ ரூமில் பிரித்து வைத்த ஜோடி வேறு இருக்கிறது; புது மாடல் வந்த அன்று அது பாதி விலைச் சாமான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே கதைதான். அமெரிக்காவின் சோனோஸ் பங்குச் சந்தையில் இருப்பதால் அதன் கணக்கு எல்லாருக்கும் தெரியும். 2024 நிதியாண்டில் விற்பனை சுமார் 152 கோடி டாலர், மொத்த லாப விகிதம் 45 சதவீதத்துக்குச் சற்று மேல். நூறு டாலர் சாமானில் 45 டாலர். ஆனாலும் அந்த ஆண்டின் முடிவில் நிகரமாக நின்றது சுமார் 3.8 கோடி டாலர் நஷ்டம். மொத்த லாபத்துக்கும் வீட்டுக்கு எடுத்துப் போகிற லாபத்துக்கும் நடுவில் நிறைய வாய்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் டீலர் மேல் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்த 28,571 எதற்காகத் தரப்படுகிறது என்று தெரிந்தால்தான், உங்களுக்கு அது கிடைத்ததா என்று கேட்க முடியும். அமைதியான அறையில் உட்காரவைத்து நீங்கள் கொண்டுபோன பாட்டைப் போட்டுக் காட்டுவது, உங்கள் ஹாலுக்கு இந்தப் பெட்டி பெரிது என்று துணிந்து சொல்வது, வீட்டுக்கு வந்து வைத்துக் கொடுப்பது, ரிப்பேர் என்றால் பொறுப்பெடுத்து அனுப்பி வாங்கித் தருவது. வாழப்பாடிக்காரனுக்கு இதில் கடைசி இரண்டும் பெரிய விஷயம். கடை 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, சென்னை இன்னும் தூரம். இந்த நான்கும் வேண்டாம், பெட்டி மட்டும் போதும் என்றால் ஆன்லைன் விலை நியாயமானது, தயங்காமல் வாங்குங்கள். நான்கையும் ஒரு கடையில் மூன்று சனிக்கிழமை அனுபவித்துவிட்டு, 5,000 ரூபாய்க்காகப் பெட்டியை ஆன்லைனில் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. சட்டப்படி தவறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

ஒயரில்தான் நெய்

எல்லாச் சாமானிலும் மார்ஜின் ஒரே மாதிரி இருக்காது. ஐந்தாறு ஸ்பீக்கருக்கான ஏ.வி. ரிசீவரில் குறைவு, அதன் விலை ஊரெல்லாம் போனில் தெரிகிறது, வருடா வருடம் மாடலும் மாறுகிறது. ஸ்டீரியோ ஆம்ப்பில் கொஞ்சம் கூடும், ஸ்பீக்கரில் இன்னும் கூடும். ஒயர், ஸ்டாண்டு, பவர் கண்டிஷனர் என்று துணைச் சாமான்களுக்கு வரும்போது பாதிக்கு மேலேயே போகும். ஒயர் பழசாவதில்லை, இடத்தை அடைப்பதில்லை, டெமோ ரூம் கேட்பதில்லை. எது நல்ல விலை என்று வாங்குகிறவனுக்குத் தெரிவதும் இல்லை.

நான் பட்டது ஒன்று. பத்து வருடத்துக்கு முன் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், ஆம்ப் விலையை நன்றாகக் குறைத்துக் கொடுத்தார்கள். குறைத்த சந்தோஷத்தில் இருந்தபோதே, “இந்த ஆம்புக்குச் சாதா ஒயர் போட்டா பாவம் சார்” என்று 9,000 ரூபாய்க்கு மூன்று மீட்டர் ஜோடி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். பாம்பு மாதிரி தடிமன், மேலே ஊதா நிறப் பின்னல். ஒரு வருடம் கழித்து முனை தளர்ந்ததும் எங்கள் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். பின்னலை உரித்தார், அதற்குள் ஒரு ரப்பர், அதற்குள் நூல் திணிப்பு, நடுவில் செம்பு. விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, “ரெண்டரை ஸ்கொயர் கூட இருக்காதுங்க” என்றார். ஆம்ப்பில் விட்ட லாபத்தைக் கடை ஒயரில் எடுத்துவிட்டது.

கிணற்றடி மோட்டாருக்கு ஒயர் இழுத்தவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டாம். தூரம் கூடினால் தடிமன் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வோல்டேஜ் இறங்கும். ஸ்பீக்கருக்கும் அதே விதி. ஹாலில் ஒரு பக்கத்துக்கு ஐந்து மீட்டர் ஓடினால் போக வர பத்து மீட்டர் செம்பு. இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் தடை சுமார் 0.07 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது நூற்றில் ஒன்றுகூட இல்லை. இழை இழையாக வளைந்து கொடுக்கிற நல்ல செம்பு ஒயர், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது, போதும். செம்பு பூசிய அலுமினியமா என்று மட்டும் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

துணைச் சாமான்களில் இருக்கும் இந்த மார்ஜின் உங்களுக்கு வேறு விதத்தில் உதவும். அதற்கு ‘கம்பெனி ரேட்’ கதை தெரிய வேண்டும்.

“கம்பெனி ரேட் சார், கை வைக்க முடியாது”

சில சமயம் இது உண்மை. டீலர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டால் பிராண்டின் பெயர் கெடும் என்று கம்பெனிகளுக்குப் பயம். அமெரிக்காவில் 1975 வரை சட்டமே கம்பெனிகள் பக்கம் இருந்தது; பல மாநிலங்களில் தயாரிப்பாளர் சொன்ன சில்லறை விலைக்குக் கீழே கடைக்காரர் விற்க முடியாது. அந்த ஆண்டு நாடாளுமன்றம் அதற்கு முடிவு கட்டியது. ஐரோப்பாவில் கதை இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2018 ஜூலையில் ஐரோப்பிய ஆணையம் அசூஸ், பிலிப்ஸ், பயனியர், டெனான் அண்ட் மராண்ட்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களுக்கு மொத்தம் 11.1 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது. ஆன்லைனில் விலை குறைத்து விற்ற கடைகளைக் கூப்பிட்டு, விலையை ஏற்றாவிட்டால் சரக்கு வராது என்று மிரட்டியதுதான் குற்றம். ஒரு கடை விலையை ஏற்றினால் மற்ற ஆன்லைன் கடைகளின் மென்பொருள் தானாகவே அதைப் பின்பற்றி ஏற்றிவிடும். ஒருவரை மிரட்டினால் போதும், ஊரே ஏறிவிடும்.

இந்தியாவில் 2002 போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு, மறுவிற்பனை விலையைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் போட்டியைப் பாதித்தால் செல்லாது என்கிறது. ஆடியோவில் பெரிய வழக்கு எதுவும் பேசப்படவில்லை, காரில் வந்தது. மாருதி சுசூகி, தான் வகுத்த அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி தராதபடி தடுத்தது, அதைக் கண்டுபிடிக்க வாடிக்கையாளர் வேஷத்தில் ஆட்களை அனுப்பியது என்று சொல்லி, 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

உங்கள் முன்னால் நிற்கிற டீலரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு அடுத்த மாதம் சரக்கு வர வேண்டும். அவர் பில்லில் விலையைக் குறைக்கத் தயங்கினால், பில்லில் தெரியாத இடத்தில் கேளுங்கள். கடைகளில் 6,000க்கு விற்கிற ஸ்டாண்டு அவருக்கு 3,000க்குள் முடிந்துவிடும். அதைக் கொடுத்தால் உங்களுக்கு 6,000 மிச்சம், அவருக்கு 3,000 செலவு, ஸ்பீக்கரின் விலையும் குறையவில்லை. 6,000 ரூபாய் தள்ளுபடிக்குத் தலையாட்டாதவர் 6,000 ரூபாய் ஸ்டாண்டுக்கு உடனே தலையாட்டுவார்.

நேரம் பார்ப்பதும் உதவும். ஆடித் தள்ளுபடியில் ஆர்ப்பாட்டம் அதிகம், உயர்ரகச் சாமானில் அது பெரிதாக எட்டிப் பார்க்காது. என் அனுபவத்தில் மார்ச் கடைசி இரண்டு வாரம்தான் நல்ல நேரம். மார்ச் 31-ஆம் தேதி சரக்கு இருப்பை எண்ணி எழுத வேண்டும், வங்கி ஓ.டி.யைப் புதுப்பிக்க வேண்டும். தூங்குகிற பெட்டி அன்று கண்ணை உறுத்தும். டெமோ ஜோடியைக் கொள்முதல் விலைக்கே தள்ளிவிட மனசு வரும் நாட்கள் அவை. டெமோ ஜோடி வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஸ்பீக்கர் கொஞ்சம் ஓடினதால் கெடாது. கம்பெனி வாரண்டி உங்கள் பெயரில் பில் தேதியிலிருந்து தொடங்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

88,000 எங்கிருந்து வந்தது

ரிச்சி தெருவில் நேர்மையான கடைகள் நிறைய இருக்கின்றன. உதிரி பாகம் வாங்க நானே அங்கேதான் போவேன். கேள்வி தெருவைப் பற்றியது அல்ல, பில் இல்லாத விலையைப் பற்றியது.

நம் உதாரணக் கணக்கிலேயே பாருங்கள். கொள்முதல் 66,667, அதன் மேல் கட்டிய ஜி.எஸ்.டி. 12,000. பில் போட்டு 88,000க்கு விற்றால் வரி போக அவருக்கு வருவது 74,576, லாபம் 7,909. பில் போடாமல் அதே 88,000 வாங்கினால், கொள்முதலில் கட்டிய வரியை வேறு விற்பனையில் கழித்துக்கொண்டு, 21,333 லாபமாக நிற்கும். பில்லோடு அந்த லாபம் பார்க்க அவர் 1,03,840க்கு விற்றிருக்க வேண்டும். அதாவது உங்களுக்காக அவர் பெரிதாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டதில் பெரும்பகுதி வரிப்பணம். உங்கள் பக்கம் போனது வாரண்டியும், வழக்குப் போடும் ஆதாரமும்.

பில் கையில் இருந்தால் வாழப்பாடியில் இருப்பது ஒரு குறையே அல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையான சாமானுக்கு மனுக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

கல்யாண மண்டபத்துக்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டப வாடகைக்கு நீங்கள் ஜி.எஸ்.டி. கட்டுகிறவராக இருந்தால், உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் வாங்கினால் அந்த 18 சதவீதம் உள்ளீட்டு வரியாகத் திரும்பும். 1,12,381 உங்களுக்கு உண்மையில் 95,238தான். பில் இல்லாமல் 88,000க்கு வாங்கி மிச்சம் பிடித்தேன் என்று என்னிடம் வந்து சொன்ன மண்டபக்காரர்கள் உண்டு. 7,000 ரூபாய்க்காக வாரண்டியை விற்றவர்கள்.

சிங்கப்பூர் 79,000 பொய் இல்லை. அங்கே இந்தச் சுங்கம் இல்லை, அவர்கள் ஜி.எஸ்.டி. 2024 முதல் 9 சதவீதம். ஆனால் ஜோடி 18 கிலோ. விமானத்தில் எடைக்கட்டணம், நம் விமான நிலையத்தில் இலவச வரம்புக்கு மேல் போகும் தொகைக்குச் சுங்கம். பெரும்பாலான கம்பெனிகளின் வாரண்டி வாங்கின நாட்டோடு நின்றுவிடும். ஸ்பீக்கர் என்றால் துணிந்து பார்க்கலாம், அதில் கரண்ட் வேலை இல்லை. ஆம்ப் என்றால் பின்னால் 230 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கள். சிங்கப்பூரில் பிரச்சினை இல்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் மாப்பிள்ளை கொண்டுவரும் ஆம்ப்தான் முதல் நாளே புகையும்.

பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கும் இந்தப் படிக்கட்டுக் கணக்கு பயன்படும். புது ஜோடி கடை வாசலைத் தாண்டிய நிமிடமே அதிலிருந்த டீலர் பங்கும் ஜி.எஸ்.டி.யும் போய்விடுகின்றன, மிச்சம் 66,667. விற்கிறவர் “1,12,000க்கு வாங்கினது, 90,000 கொடுங்க” என்று ஆரம்பிப்பார். நீங்கள் 66,000க்குக் கீழே இருந்து ஆரம்பியுங்கள்.

உள்ளூர் ஆம்ப்

படிக்கட்டே இல்லாத ஒரு வழியும் நம் பக்கத்தில் உண்டு. சேலத்திலும் ஆத்தூரிலும் அசெம்பிள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மர், போர்டு, ஹீட் சிங்க், கேபினட் என்று ஒவ்வொன்றின் விலையும் உங்களுக்கே தெரியும், அதன் மேல் கூலி. இதைவிட வெளிப்படையான விலை உயர்ரக உலகத்தில் எங்கேயும் கிடையாது. 25,000 ரூபாய்க்குள் சத்தமும் சுத்தமும் வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். தோஷிபாவின் சி5200, ஏ1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் டூப்ளிகேட் ஏராளம்; ஒரிஜினல் போட்டதற்கு அவரிடம் பில் கேளுங்கள், நல்ல ஆள் முகம் சுளிக்காமல் காட்டுவார். விற்கப் போனால் விலை கிடைக்காது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 25,000க்கு மேல் பட்ஜெட் இருந்தால் கம்பெனி ஆம்ப்புக்குப் போய்விடுங்கள். நடுவில், கொல்கத்தாவில் 1970-இல் தொடங்கிய சோனோடைன் போன்ற நம் நாட்டுத் தயாரிப்பும் இருக்கிறது. சுங்கப் படி இல்லாததால் அதே காசுக்குப் பெட்டி கனமாக இருக்கும்.

கடையில்

தம்பியோடு நானும் சேலம் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அரை மணி நேரம் பாட்டு கேட்டோம். அப்புறம் காபி வந்தது.

“சார், கடைசியா ஒரு விலை சொல்லுங்க.”

“அண்ணா, 1,12,000 சொன்னேன். உங்களுக்காக 1,10,000.”

தம்பி பெட்டியைத் திருப்பி ஒட்டுச்சீட்டைப் பார்த்தான். “வந்து பதினாலு மாசம் ஆச்சுங்களே.”

கடைக்காரர் சிரித்தார். “படிச்சுட்டு வந்திருக்கீங்க.”

“1,04,000 பில்லோட போடுங்க. ஸ்டாண்டு உங்க கணக்கு. ஒயர் நானே வாங்கிக்கறேன். வாழப்பாடிக்கு ரெண்டு தடவ வந்து வெச்சுக் குடுக்கணும், இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு. அதைப் பில்லுலயே எழுதிருங்க.”

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். நானும் மனதில் தட்டினேன்: வரி போக 88,136, அவர் கையில் 21,469, அதில் ஸ்டாண்டு, வண்டி, ஒரு ஆளின் இரண்டு அரைநாள். முழு மார்ஜின் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒயரை விற்க முடியவில்லையே என்று மட்டும் அவருக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது, தெரிந்தது.

அன்று சாயந்திரமே பெட்டியோடு அவரும் வந்தார். புதுவீட்டு ஹால், வழவழப்பான டைல்ஸ், வெறும் சுவர்கள். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினார். சத்தம் நாலு பக்கமும் முட்டித் திரும்பியது. “வீட்ல ஜமுக்காளம் இருக்குங்களா?” என்றார். சித்தி பரணிலிருந்து கல்யாணத்துக்கு எடுத்த பவானி ஜமுக்காளத்தை இறக்கிக் கொடுத்தார். அதை ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் விரித்து, பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்து, டேப் வைத்து அளந்து, ஒரு பாட்டைப் பாதி வரை கேட்டு, மறுபடி இரண்டு விரல்கடை உள்பக்கம் திருப்பினார். மணி ஏழேகாலுக்கு ஆரம்பித்தவர் கிளம்பும்போது ஒன்பதரை. சேலம் பஸ்ஸுக்குத் தம்பி வண்டியில் கொண்டுபோய் விட்டு வந்தான்.